ராகமையில் இறங்குங்கள்



கொழும்புக்குப் போகும்போது ராகமை ரயில் நிலையத்தை நீங்கள் எத்தனையோ தடவை கடந்திருப்பீர்கள். மட்டக்களப்பு, மன்னார், கண்டி, பதுளை என்று எந்தப் பக்கமிருந்து வரும் வண்டியும் ராகமையைத் தாண்டித்தான் கோட்டைக்குப் போகவேண்டும். புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு வழியாக வரும் பாதை பிரதான பாதையோடு சேர்வதும் இங்கேதான். பேருவளை, வெலிகமைப் பக்கத்துச் சகோதரிகள் மட்டும் மருதானையிலோ கோட்டையிலோ வண்டி மாறி வரவேண்டும். நிற்காமல் போகும் கடுகதி வண்டிகளும் உண்டு. டிக்கட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ராகமையில் என்ன இருக்கிறது, சுற்றுலாப் போவதற்கு? ஒன்றுமில்லைதான். நூறு வருஷங்களுக்கு முன், தென்னாபிரிக்கப் போரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட போயர் கைதிகளை அடைத்து வைத்த முகாம்களில் ஒன்று இந்த ஊரில் இருந்தது. இன்றோ இது ஆஸ்பத்திரி ஊர். கொழும்பு வடக்குப் போதனா வைத்தியசாலை இங்கே இருக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் தலகொல்ல வீதியில் இருக்கிறது. அந்த வளவிலேயே, குறைபாடுகளோடு வளரும் பிள்ளைகளுக்கென ‘அயதி’ என்ற தேசிய நிலையமும் இருக்கிறது.

இந்த மாதம் உங்களை அந்த ஊருக்குத்தான் அழைத்துப் போகிறேன். உங்கள் மடியில் ஓட்டிசம் உள்ள பிள்ளை இருக்கலாம். இல்லாவிட்டால் உங்கள் தங்கையின் மடியிலோ, பக்கத்து வீட்டு ராத்தாவின் மடியிலோ இருக்கலாம். அரை நகர்ப்புறப் பகுதி ஒன்றில் 18 முதல் 24 மாத வயதுள்ள பிள்ளைகளைப் பார்த்த நமது நாட்டு மருத்துவர்கள், 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கை 2009இல் வெளியிட்டார்கள். இந்தக் கணக்கில் பார்த்தால், நமது ஊரின் பெரிய பாடசாலை ஒவ்வொன்றுக்கும் உரிய பிள்ளைகளில் பலர் இப்படி இருப்பார்கள். அவர்கள் எங்கே? பலர் வீட்டின் பின்னறையில் இருக்கிறார்கள் என்பதுதான் கசப்பான பதில்.

வழி தொடங்குவது வீட்டு வாசலில்

ராகமைக்கு நேரே வண்டி ஏறிவிட வேண்டாம். இந்தப் பயணத்தின் முதல் தரிப்பு உங்கள் வீட்டு வாசல்.

பிள்ளைக்கு ஒரு வயதாகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாரா? பதினெட்டு மாதமாகிறது. காகத்தைக் கண்டால் விரலை நீட்டி “அந்தா” என்று உங்களுக்குக் காட்டுகிறாரா? காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறாரா? தேவையானதை விரலால் சுட்டாமல், உங்கள் கையை ஒரு கருவிபோலப் பிடித்து இழுத்துப்போய் அலுமாரியில் வைக்கிறாரா? காரை ஓட்டி விளையாடாமல் கவிழ்த்துச் சில்லை மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறாரா? பேசிக்கொண்டிருந்த சில சொற்களும் நின்றுபோய்விட்டனவா? மிக்ஸியின் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறாரா?

இவற்றில் ஒன்றைக் கண்டவுடன் ஓட்டிசம் என்று நீங்களே முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால், பல சேர்ந்திருந்தால் சும்மா இருந்துவிடவும் கூடாது. ஆண் பிள்ளைகளிடம்தான் இது அதிகமாகக் கண்டறியப்படுகிறது. பெண் பிள்ளை பேசாமல் ஒதுங்கியிருந்தால் “அடக்கமான பிள்ளை” என்று நாம் புகழ்ந்துவிடுகிறோம். அதனால் சிறுமிகள் பலர் கவனத்துக்கே வராமல் போகிறார்கள்.

உங்கள் பிள்ளையின் நிறையும் தடுப்பூசியும் பதியும் சிறுவர் சுகாதாரப் புத்தகம் வீட்டில் இருக்கும். அதில் வளர்ச்சிப் படிகளுக்கும் பக்கங்கள் உண்டு. ஊசி போட்ட திகதியைப் பார்த்துவிட்டு மூடிவிடும் அந்தப் புத்தகத்தை ஒருமுறை முழுதாகத் திறந்து பாருங்கள். நிறை பார்க்கும் நாளில் மிட்வைஃப் மிஸ்ஸிடம், “மிஸ், இந்தப் பக்கத்தில் உள்ளதை இவர் இன்னும் செய்றதில்லை” என்று வாய் திறந்து சொல்லுங்கள். அவர் உங்களைச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார். அங்கிருந்து சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடம் போகக் கடிதம் கிடைக்கும். இந்த வழிக்குச் செலவு பஸ் காசு மட்டும்தான்.

இரண்டாவது தரிப்பு உங்கள் மாவட்டத்துப் பெரியாஸ்பத்திரி. அங்கே முதலில் கேளுங்கள்: “டொக்டர், இவருக்குக் காது கேட்கிறதா என்று பார்ப்பீங்களா?” பேச்சு வராத எந்தப் பிள்ளைக்கும் கேள்விப் பரிசோதனை அவசியம். வீட்டில் பாத்திரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு “காது நல்லாக் கேக்குது” என்று நாமே சொல்லிவிடுவது போதாது. சில ஓசைகள் கேட்டு, பேச்சொலிகள் சரியாகக் கேட்காத பிள்ளைகளும் உண்டு.

ரயிலில் ஒரு பிள்ளை

கடிதம் கையில் வந்த பிறகுதான் தூரப் பயணம். ராகமையோ, பொரளையில் உள்ள லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையோ, கடிதத்தில் எந்த இடம் எழுதப்பட்டிருக்கிறதோ அங்கே போகிறோம். கிளினிக் எந்த நாள், முன்பதிவு வேண்டுமா என்பதைத் தொலைபேசியில் உறுதிப்படுத்தாமல் வீட்டைவிட்டு இறங்காதீர்கள். நாள் மாறிப் போய் வெறுங்கையோடு திரும்பும் தாய் அடுத்த தடவை போகவே மாட்டாள்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு ரயில் பெரிய சோதனை. விசில் சத்தம், நெரிசல், வடை விற்பவரின் குரல், புதுமுகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதும். ஆகவே முதல் நாளே ஆயத்தம் வேண்டும். பழைய கலண்டர்த் தாளில் நாலு படம் வரையுங்கள்: வீடு, ரயில், டொக்டர், மறுபடி வீடு. வடிவாக வரைய வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பிள்ளையின் விரலால் அடுத்த படத்தைத் தொடவையுங்கள். கடைசிப் படம் வீடு என்பது அவருக்குத் தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும்.

பையில் அவருக்கு விருப்பமான ஒரு பொருள் இருக்கட்டும். உடைந்த காரோ, போத்தல் மூடியோ, எதுவானாலும் பரவாயில்லை. வழக்கமாகச் சாப்பிடுவதையே கட்டிக்கொண்டு போங்கள். கன்டீனில் கிடைப்பதை அவர் தொடாமல் இருக்கலாம். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் நல்லது. துணைக்கு வாப்பாவோ மாமாவோ கட்டாயம் வரட்டும். ஒருவர் பிள்ளையோடு வெளியே நடக்கும்போது மற்றவர் வரிசையில் நிற்கலாம்.

இன்னொன்றும் கொண்டு போகவேண்டும். வீட்டில் பிள்ளை விளையாடுவதையும், கூப்பிட்டால் என்ன செய்கிறார் என்பதையும் தொலைபேசியில் ஒன்றிரண்டு நிமிடம் படம் பிடித்து வையுங்கள். டொக்டரின் அறையில் பிள்ளை வேறு பிள்ளையாக இருப்பார். வீட்டுப் பிள்ளையையும் அவர் காணவேண்டும். முதல் சொல் எப்போது வந்தது, எப்போது நின்றது, தூக்கம் எப்படி, வலிப்பு வந்ததுண்டா என்பதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும்.

அந்த வாங்கில் கண்டது

நிலையத்திலிருந்து மருத்துவ பீடத்துப் பக்கம் போக முச்சக்கர வண்டியில் அதிக நேரம் எடுக்காது. காத்திருக்கும் வாங்கில் உட்கார்ந்தால் நாடே அங்கே உட்கார்ந்திருப்பது தெரியும். ஓசரி உடுத்த கண்டித் தாய், அபாயா அணிந்த நமது சகோதரி, தோட்டத்திலிருந்து வந்த தமிழ்த் தாய். மூவரின் மடியிலும் ஒரே மாதிரி, கையை உதறிக்கொண்டிருக்கும் பிள்ளைகள்.

ஒரு நாள் காலை அந்த வாங்கில் புத்தளத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சகோதரியின் பக்கத்தில் இருந்தேன். மகனுக்கு நாலு வயது முடிந்துவிட்டது. “மாமி சொன்னா, இவர்ட வாப்பாவும் நாலு வயசிலதானாம் பேசின. அதால பாத்துக்கிட்டே இருந்தம். பிறகு இசிம் கட்டின. பிறகு இன்னொரு ஊருல தண்ணி ஓதி வாங்கின. ரெண்டு வருஷம் போச்சு ராத்தா” என்றார். அவர் அழவில்லை. பையனின் சட்டைப் பொத்தானைப் போட்டுக் கழற்றி, போட்டுக் கழற்றி, அவனோடு விளையாடிக்கொண்டே சொன்னார். சற்று நேரத்தில் மின்விசிறிச் சத்தத்துக்குப் பையன் அலறத் தொடங்கினான். அந்தப் பக்கத்தில் இருந்த சிங்களத் தகப்பன் ஒருவர் ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்துபோய் அந்த விசிறியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் மடியிலும் ஒரு பிள்ளை இருந்தது. அங்கே யாரும் யாரையும் முறைத்துப் பார்ப்பதில்லை. “பிள்ளைய ஒழுங்கா வளக்கத் தெரியாதா?” என்று கேட்பதில்லை. எத்தனையோ தாய்மார்களுக்குப் பல வருஷங்களில் கிடைத்த முதல் நிம்மதி அந்த வாங்காகத்தான் இருக்கும்.

உள்ளே போனால் ஒருவர் மட்டும் பார்ப்பதில்லை. மருத்துவர் பார்ப்பார். பேச்சு மொழிச் சிகிச்சையாளர் பார்ப்பார். கை வேலை, உடுத்தல், உண்ணல், சத்தம், தொடுகை இவற்றைக் கவனிக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரும் பார்ப்பார். இந்த நாட்டில் பேச்சுச் சிகிச்சையாளர்களைப் பயிற்றும் பாடநெறி 1990களின் பிற்பகுதியில் தொடங்கியது ராகமையில்தான். அதற்கு முன் நமது பிள்ளைகளுக்கு யார் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ ஓட்டிசம் தெரிவதில்லை. பிள்ளையைக் கவனித்தும் தாயிடம் கேட்டும்தான் கண்டறிகிறார்கள். வெளிநாட்டில் எழுதப்பட்ட வினாக்கொத்தை மொழிபெயர்த்துத் தாய்மாரிடம் கொடுத்தபோது, 2009 ஆய்வில் அது பல பிள்ளைகளைத் தவறவிட்டது. அதன் பிறகு நமது மருத்துவர்கள் புகைப்படங்களைக் காட்டிக் கேட்கும் முறை ஒன்றை உருவாக்கினார்கள். கேள்வி விளங்காவிட்டால் “ஓம்” என்று தலையாட்டாதீர்கள். “விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். சிங்களத்தில் பேசினால், தமிழ் தெரிந்த ஒருவரை அழைத்துத் தரும்படி கேட்பதில் வெட்கமில்லை. உங்கள் பதிலில்தான் பிள்ளையின் வழி இருக்கிறது.

மொழி பற்றி இன்னொரு வார்த்தை. “வீட்டில் தமிழ், ஓதப் பள்ளியில் அரபு, நேர்சரியில் ஆங்கிலம். அதனால்தான் பிள்ளை குழம்பிவிட்டது, இனி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். இரு மொழி கேட்பதால் ஓட்டிசம் வருவதுமில்லை, கூடுவதுமில்லை. உம்மாவின் நாவில் எந்த மொழி அன்போடும் இயல்போடும் வருகிறதோ அதில் பேசுங்கள். தாய்க்கே சரளமில்லாத மொழியில் தாய் பேசினால், வீட்டில் பேச்சே குறைந்துபோகும்.

மருந்துப் போத்தல் இல்லாத துண்டு

வெளியே வரும்போது பல பெற்றோருக்கு ஏமாற்றம். “இவ்வளவு தூரம் வந்தோம், மருந்து ஒன்றும் தரவில்லையே!” என்கிறார்கள். தூக்கமின்மை, வலிப்பு, கடும் பதற்றம் போன்ற சேர்ந்து வரும் சிரமங்களுக்கு மருந்து எழுதலாம். ஓட்டிசத்தை மாற்றும் மருந்து இல்லை. அவர்கள் தருவது ஒரு பயிற்சித் திட்டம். அதைச் செய்யவேண்டிய இடம் உங்கள் வீடு. செய்யவேண்டியவர் நீங்கள்.

சகோதரிகளே, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் வைக்கவேண்டுமென்றால் இதை வையுங்கள். ராகமை ஒரு தரிப்பிடம்தான், முடிவிடம் உங்கள் வீடு. மாதத்தில் ஒருநாள் அரைமணி நேரம் சிகிச்சையாளரோடு இருக்கும் பிள்ளை, மிச்ச நாளெல்லாம் உங்களோடுதான் இருக்கிறது.

இது வெறும் ஆறுதல் வார்த்தையல்ல. புதிதாக ஓட்டிசம் கண்டறியப்பட்ட சின்னஞ்சிறு பிள்ளைகளின் தாய்மாருக்கு வைத்தியசாலையில் கற்றுக்கொடுத்து, வீட்டிலேயே பயிற்சி செய்யவைத்து, மூன்று மாதங்களில் முன்னேற்றம் கண்டதாக இலங்கை மருத்துவர்களின் ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. அதே ஆண்டில் இந்தியாவின் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த இன்னோர் ஆய்வும் வெளியானது. அங்கே 65 பிள்ளைகள். வீடுகளுக்குப் போனவர்கள் நிபுணர்களல்ல, பயிற்றப்பட்ட சாதாரண சுகாதார ஊழியர்கள். பிள்ளைக்கு ஏற்றபடி பதிலளிக்கப் பெற்றோர் பழகிக்கொண்டபோது, பிள்ளை தானாகவே பெற்றோரை நாடிவருவது கூடியது. உலக சுகாதார நிறுவனமும் 2 முதல் 9 வயது வரையான பிள்ளைகளின் பெற்றோருக்கென ஒன்பது குழு வகுப்புகளும் மூன்று வீட்டு வருகைகளும் கொண்ட பயிற்சியை உருவாக்கியிருக்கிறது. அதைப் பற்றி உங்கள் கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் செய்வது எப்படி?

தரையில் பாய் விரித்து, பிள்ளைக்கு எதிரே, அவர் கண்மட்டத்தில் உட்காருங்கள். தொலைக்காட்சியும் தொலைபேசியும் அணைந்திருக்கட்டும். அவர் கரண்டியைத் தட்டினால் நீங்களும் ஒரு கரண்டி எடுத்துத் தட்டுங்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். ஒரு நேரத்தில் அவர் உங்களைப் பார்ப்பார், “இவ ஏன் என்னைப்போலச் செய்றா?” என்று. அந்தப் பார்வைதான் முதல் படி.

நீளமான வசனம் வேண்டாம். “மகன், இந்தத் தண்ணியக் கெதியாக் குடிச்சிட்டு வாங்க, உடுப்பு மாத்தணும்” என்பதற்குப் பதிலாகக் கோப்பையைக் காட்டி, “தண்ணி” என்று சொல்லுங்கள். பிறகு பொறுங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நாம் அவசரக்காரர்கள், பிள்ளை வாயைத் திறப்பதற்குள் ஊட்டிவிடுகிறோம். விருப்பமான பிஸ்கட்டை இறுக மூடிய கண்ணாடிப் போத்தலில் வையுங்கள். அவர் போத்தலை உங்களிடம் கொண்டுவந்து நீட்டினால் அதுவே ஒரு பேச்சு. உடனே திறந்து “பிஸ்கட்” என்று சொல்லிக் கொடுங்கள். சொல் வராத பிள்ளைக்குப் படம் காட்டிக் கேட்கப் பழக்கலாம். படம் பழகினால் பேச்சு வராது என்ற பயம் வேண்டாம். படம் பேச்சுக்குத் தடையல்ல, துணை.

ஒழுங்கு இவர்களுக்கு உயிர். வுழூச் செய்யும் படிகளைப் படமாக வரைந்து குழாயின் மேல் ஒட்டிவைத்தால், வாய்மொழியில் விளங்காததைச் சில பிள்ளைகள் கண்ணால் பழகிக்கொள்வார்கள். நோன்புக் காலத்தில் வீட்டின் நேரமே மாறிப்போகும். ஸஹர் சத்தம், இஃப்தார் பரபரப்பு, இரவில் பட்டாசு எல்லாம் அவரைக் குலைக்கும். சாப்பாட்டையும் தூக்கத்தையும் அவருக்கு மட்டுமாவது பழைய நேரத்திலேயே வைத்திருங்கள். பெருநாள் உடுப்பை இரண்டு மூன்று தடவை கழுவி மென்மையாக்கி, கழுத்துப் பட்டியில் உள்ள லேபலை வெட்டிவிட்டு உடுத்துங்கள். “புது உடுப்புப் போட அழுகிறானே” என்று ஏசுவதற்கு முன், அந்த லேபல் அவருக்கு முள்ளாகக் குத்துகிறதா என்று பாருங்கள்.

பயமுறுத்துவதற்கல்ல, எச்சரிக்கைக்காக ஒன்று. இப்படியான பிள்ளைகள் பலர் சொல்லாமல் வெளியேறிவிடுவார்கள். தண்ணீரின் மேல் பலருக்கும் தீராத ஆசை. நமது வளவுகளிலோ கட்டில்லாத கிணறு, பக்கத்தில் குளம், ஆறு, கடல்! கிணற்றுக்கு மூடி போடுங்கள். கேற்றுக்குப் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் கொண்டி போடுங்கள். “இவரைத் தனியாகக் கண்டால் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்று பக்கத்து வீட்டாருக்கும் கடைக்காரருக்கும் பள்ளிவாசல் முஅத்தினுக்கும் சொல்லிவையுங்கள். மறைத்து வைத்த பிள்ளையை யாராலும் காப்பாற்ற முடியாது. ஊருக்குத் தெரிந்த பிள்ளையை ஊரே பார்த்துக்கொள்ளும்.

வழியில் உள்ள பொய்ப் பலகைகள்

இந்தப் பயணத்தில் வழி தவறவைக்கும் பலகைகள் நிறைய உண்டு.

முதல் பலகை, “தாயின் குற்றம்” என்பது. அமெரிக்க மருத்துவர் லியோ கெனர் 1943இல் ஓட்டிசத்தை விவரித்த பிறகு, அன்பில்லாத தாய்மாரால்தான் இது வருகிறது என்று மேல்நாட்டு அறிஞர்களே பல வருஷங்கள் எழுதினார்கள். அந்தக் கருத்து பொய்யென்று தள்ளப்பட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. ஓட்டிசம் மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. பரம்பரைக்கு அதில் பெரிய பங்குண்டு. ஆனால், நமது வீடுகளில் அந்தப் பழி இன்னும் சாகவில்லை. “உன்ட வயித்தில வந்ததுதானே” என்ற ஒரு சொல்லால் எத்தனை குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன! மாமிமார்களே, இந்தப் பக்கத்தை நீங்களும் வாசிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

இரண்டாவது பலகை, தடுப்பூசி. எம்.எம்.ஆர். ஊசியால் ஓட்டிசம் வருவதாக 1998இல் லண்டன் மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வந்த கட்டுரையை, அந்தச் சஞ்சிகையே 2010இல் மீளப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளைப் பார்த்து 2019இல் வெளியான ஆய்விலும் எந்தத் தொடர்பும் இல்லை. ஊசியைத் தவிர்த்தால் சின்னமுத்துத்தான் வரும்.

மூன்றாவது, பணம் பிடுங்கும் பலகை. உடம்பிலிருந்து உலோகம் அகற்றுகிறோம், ஸ்டெம் செல் ஏற்றுகிறோம், ஆறு மாதத்தில் முற்றாகக் குணமாக்குகிறோம் என்பவர்களிடம் நகையை ஈடுவைத்துப் போகாதீர்கள். உலோகம் அகற்றும் சிகிச்சையால் பிள்ளை இறந்த சம்பவமும் உண்டு. “முற்றாகக் குணமாகும்” என்று யார் உறுதி கூறினாலும் அங்கிருந்து எழுந்துவிடுங்கள்.

நான்காவது, இசிமும் கயிறும். துஆவை விடச் சொல்லவில்லை. பிள்ளையின் தலையில் கைவைத்து ஓதுவது தாயின் மனதுக்கும் மருந்து. ஆனால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதான் நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. ஜின் பிடித்ததென்று பிள்ளையை அடிப்பவரிடம் கொண்டுபோவது துஆ அல்ல, அநியாயம். கண்ணூறு கழிக்கப் போகும் காலத்தில் கழிந்துபோவது பிள்ளையின் பொன்னான நாட்கள். மூளை வேகமாக வளரும் சிறுவயதில் தொடங்கும் பயிற்சிக்கே பலன் அதிகம். அதற்காக, நாலு வயதாகிவிட்டதே என்று கைவிடவும் வேண்டாம். தொடங்கும் நாள்தான் நல்ல நாள்.

பள்ளிக்கூடமும் பள்ளிவாசலும்

ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம் என்ற சட்டம் இந்தப் பிள்ளைக்கும்தான். சில அரச பாடசாலைகளில் விசேட கல்வி அலகு இருக்கிறது. உங்கள் வலயக் கல்விக் காரியாலயத்தில் கேளுங்கள். சாதாரண வகுப்பில் படிக்கக்கூடிய பிள்ளையும் உண்டு. உடல், உளக் குறைபாடு உள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டிக் கல்வியை மறுக்கக் கூடாது என்கிறது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருப்பார். உதவித்தொகை பற்றி அவரிடம் விசாரியுங்கள். தமிழிலேயே விசேட கல்வி தேடுவோருக்கு யாழ்ப்பாணம் கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலை ஒரு நல்ல முன்மாதிரி. அப்படி ஒன்றை நமது ஊர்களிலும் ஏன் தொடங்கக் கூடாது? பள்ளிவாசலுக்கு ஏசி போடச் சேர்க்கும் பணத்தில் ஒரு பங்கு போதுமே!

பள்ளிவாசல் என்றதும் நினைவுக்கு வருகிறது. நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுவித்தார்கள். பிள்ளை அழும் குரல் கேட்டால் தாயை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள். கண் தெரியாத இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பொருட்டு ‘அபஸ’ என்ற சூரா இறங்கியது. பின்னர் அவர் மதீனாவின் முஅத்தின்களில் ஒருவராக இருந்தார். குறையுள்ளவரைப் பின்னறையில் வைத்த சமூகமல்ல அது, மினாராவின் உரிமையைக் கொடுத்த சமூகம். ஏப்ரல் 2ஆம் திகதியை உலக ஓட்டிசம் விழிப்புணர்வு தினமாக ஐ.நா. சபை 2007இல் ஏற்றபோது, அந்தப் பிரேரணையைக் கொண்டுவந்ததும் முஸ்லிம் நாடான கட்டார்தான்.

வாசிக்கும் எல்லாருக்கும் இப்படிப் பிள்ளை இருக்காது. ஆனால், எல்லாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. கலியாண வீட்டில் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறினால், தாயைப் பார்த்து முகம் சுளிக்காமல் அமைதியான ஓர் அறையைக் காட்டுங்கள். கிளினிக் நாளில் அவருடைய மற்றப் பிள்ளைகளை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரச் சோறு ஆக்கிக் கொடுங்கள். நிறை பார்க்கும் இடத்தில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று பெயர் சொல்லியும் திரும்பாமல் இருப்பதைக் கண்டால், அந்தத் தாயைத் தனியே அழைத்து, பயமுறுத்தாமல், “மிஸ்ஸிடம் ஒருக்காக் காட்டிப் பாருங்க தங்கச்சி, நானும் கூட வாறன்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் அவருக்கு இரண்டு வருஷத்தை மீட்டுக் கொடுக்கலாம்.

வல்ல அல்லாஹ் நமது பிள்ளைகள் எல்லாரையும் நமக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக. ஆமீன்.